வளவுக் கோழித் தெரிவில் நிறத்திற்குரிய இடம்

ஊர்க்கோழி வளர்க்கும் இல்லங்களில், அடுத்த தலைமுறைக்கெனச் சேவல் ஒன்றைத் தெரிந்து நிறுத்தும் வேளை ஆண்டுக்கொரு முறையேனும் வருகின்றது. அவ்வேளையிற் பெரும்பாலார் செய்வது ஒன்றே. வளவில் திரியும் இளஞ்சேவல்களுள் கழுத்திறகு பொன்போல் ஒளிர்வதையோ, வால் நீண்டு வளைந்திருப்பதையோ, உடல் முழுவதும் ஒரே நிறமாய் அமைந்திருப்பதையோ நிறுத்திக்கொள்கின்றனர். எஞ்சியவை சந்தைக்குப் போகின்றன. அல்லது அடுக்களைக்குப் போகின்றன. நிறுத்தப்பட்ட சேவல் எந்தப் பேட்டின் முட்டையிற் பொரித்தது, அப்பேடு ஆண்டில் எத்தனை முட்டை இட்டது, எத்தனை குஞ்சுகளைக் காப்பாற்றி வளர்த்தது என்னும் வினாக்கள் எழுவதேயில்லை.

நிறத்தை விரும்புதல் குற்றமன்று. முற்றத்தில் அழகிய கோழி திரிவது வீட்டாருக்கு மகிழ்ச்சி தரும். அம்மகிழ்ச்சி இல்லையேற் பலர் கோழி வளர்ப்பையே கைவிடுவர். மேலும் நிறத்தினால் உண்மையான பயன்களும் சில உண்டு. அவை பின்னர் கூறப்படும். ஆயினும் நிறம் முதலிற் கேட்கப்படும் வினாவாக இருத்தல் ஆகாது. இறுதியிற் கேட்கப்படும் வினாவாகவே இருத்தல் வேண்டும். முதற் சல்லடை உயிர் வலிமை. இரண்டாம் சல்லடை உழைப்பு. மூன்றாம் சல்லடையே நிறம். இவ்வொழுங்கு தலைகீழாகும் வளவில், ஆண்டுகள் செல்லச் செல்லக் கோழிகள் அழகாகும். முட்டைக் கூடையோ வெறுமையாகும்.

நிறமும் முட்டையும் பரம்பரையில் ஒத்தனவல்ல

நிறத்தைத் தெரிந்து விருத்திசெய்தல் எளிது. அதனாலேயே அது வளர்ப்போரைக் கவர்கின்றது. இறகின் நிறம், கொண்டையின் வடிவம் முதலிய பண்புகள் பெரும்பாலும் ஒருசில பரம்பரையலகுகளால் ஆளப்படுவன. விலங்குகளிலும் மெண்டலின் விதிகள் செல்லுபடியாகும் என்பதை ஆங்கில அறிஞர் வில்லியம் பேற்சன் 1902 ஆம் ஆண்டிற் காட்டியபோது, அவர் எடுத்துக்கொண்ட சான்று கோழியின் கொண்டையே ஆகும்.

அண்டலூசியன் என்னும் நீலச் சாம்பல் நிறக் கோழி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நீலச் சேவலையும் நீலப் பேட்டையும் சேர்த்தால் எல்லாக் குஞ்சுகளும் நீலமாய் வருமென எதிர்பார்ப்போர் ஏமாறுவர். சராசரியாக நான்கு குஞ்சுகளுக்கு ஒன்று கறுப்பாகவும், ஒன்று கறை தெறித்த வெள்ளையாகவும், இரண்டு மட்டுமே நீலமாகவும் வரும். கறுப்புக் கோழியையும் கறை தெறித்த வெள்ளைக் கோழியையும் சேர்த்தாலோ குஞ்சுகள் அனைத்தும் நீலமாகவே பொரிக்கும். இக்கணக்கை அறிந்தவர் தாம் விரும்பிய நிறத்தை இரண்டு மூன்று தலைமுறைகளிற் பெற்றுவிடலாம். குஞ்சு பொரித்துச் சில வாரங்களுள் விளைவு கண்ணுக்குத் தெரியும். சேவலிலும் தெரியும், பேட்டிலும் தெரியும்.

முட்டையிடும் ஆற்றல் அவ்வாறானதன்று. அது எண்ணற்ற பரம்பரையலகுகளின் கூட்டு விளைவு. தீன், வெயில், நோய், பகற்பொழுதின் நீளம் ஆகியவை அதனைக் கூட்டியும் குறைத்தும் காட்டும். ஒரு பேட்டின் ஆற்றலை அறிய ஓராண்டு காத்திருத்தல் வேண்டும். சேவலிலோ அது ஒருபோதும் வெளிப்படுவதில்லை. ஆயினும் தன் தாயினிடமிருந்து பெற்றதைச் சேவல் தன் பெண்மக்களுக்குக் கொடுத்தே தீரும். எளிதிற் காணப்படுவதைத் தெரிந்து, அரிதிற் காணப்படுவதை மறப்பது மனித இயல்பு. கோழி வளர்ப்பில் அவ்வியல்பு நட்டம் விளைவிக்கும்.

ஒரு கருங்கோழியின் இரு வழிகள்

இதற்குச் சரித்திரம் தரும் சான்று ஒன்றுண்டு. 1886 ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் வில்லியம் குக் என்பவர் மினோக்கா, லாங்ஷான், பிளிமத் றொக் ஆகிய இனங்களைக் கலந்து கறுப்பு ஓபிங்டன் என்னும் இனத்தைத் தோற்றுவித்தார். முட்டையும் இறைச்சியும் ஒருங்கே தரும் வீட்டுக்கோழி ஒன்றை ஆக்குவதே அவர் நோக்கம். நகரத்துப் புகைக்கரி படிந்தாலும் அழுக்குத் தோன்றாதிருக்கவே கறுப்பு நிறம் கொள்ளப்பட்டது என்றும் சொல்லப்படுவதுண்டு.

அதன்பின் அவ்வினம் இரு வழிகளிற் சென்றது. இங்கிலாந்தின் கண்காட்சியாளர் அதனைக் கையிலெடுத்து, பரந்த உடலும் அடர்ந்த இறகும் பளபளக்கும் கருமையும் வேண்டித் தெரிவு செய்தனர். பரிசுகள் கிடைத்தன, முட்டைகள் குறைந்தன. அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அதே கருங்கோழியை அங்குள்ளோர் முட்டைக் கணக்கைப் பார்த்துத் தெரிவு செய்தனர். 1922–23 ஆம் ஆண்டில் அவ்வழிவந்த 6 பேடுகள் 365 நாட்களில் 1857 முட்டைகள் இட்டன; அஃதாவது ஒரு பேட்டிற்குச் சராசரி 309 முட்டைகளுக்கு மேல். அவ்வினமே ஒஸ்ரலோப் எனப் பெயர்பெற்று இலங்கையிலும் அறியப்பட்டது.

இரு நாட்டிலும் நிறம் ஒன்றே, மூலமும் ஒன்றே. வேறுபட்டது தெரிவு செய்தோரின் வினா மட்டுமே. ஒருசாரார் “எப்படித் தோன்றுகின்றது?” என்று கேட்டனர். மறுசாரார் “எத்தனை இடுகின்றது?” என்று கேட்டனர். கேட்டதையே இருசாராரும் பெற்றனர். யாழ்ப்பாணத்து வளவாயினும் மட்டக்களப்பு வளவாயினும் இந்நியதிக்கு விலக்கன்று.

சேவல் யாருடைய மகன்?

எட்டுப் பேடும் ஒரு சேவலும் உள்ள வளவில், பிறக்கும் குஞ்சுகள் யாவற்றிற்கும் தந்தை அவ்வொரு சேவலே. ஒரு பேட்டைத் தவறாகத் தெரிந்தால் எட்டிலொரு பங்குக் குஞ்சுகளே பழுதுபடும். சேவலைத் தவறாகத் தெரிந்தால் எல்லாக் குஞ்சுகளிலும் அத்தவறு பாதி அளவிற் புகும். ஆதலால் சேவலைப் பற்றி முதலிற் கேட்கவேண்டிய வினா “என்ன நிறம்?” என்பதன்று, “யாருடைய மகன்?” என்பதே.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. அமெரிக்க நாட்டின் மெயின் மாநில விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1898 முதல் பல்லாண்டுகள் ஒரு சோதனை நடைபெற்றது. உட்புகும் பேட்டைத் தானாகவே அடைத்துவைக்கும் பொறிக்கூடுகளைக் கொண்டு ஒவ்வொரு பேட்டின் முட்டைகளும் எண்ணப்பட்டன. ஆண்டுக்கு 160 முட்டைகளுக்குக் குறையாது இட்ட பேடுகளே தாய்களாயின. 200 முட்டைகளுக்குக் குறையாது இட்ட பேடுகளின் மைந்தரே தந்தையராயினர். அவ்வாறிருந்தும் மந்தையின் சராசரி உயரவில்லை. 1908 ஆம் ஆண்டின் பின்னர் றேமண்ட் பேர்ள் என்னும் அறிஞர் அம்முறையை மாற்றினார். தனியொரு பேட்டின் எண்ணிக்கையை மட்டும் பாராது, அதன் மக்கள் எவ்வாறு இடுகின்றனர் என்பதையும் பார்த்துத் தெரிந்தார். அதன்பின்னரே முட்டைகள் பெருகின.

இதிலிருந்து வளவிற் கோழி வளர்ப்போர் கற்கவேண்டியது யாது? ஓராண்டு நன்றாக இட்ட ஒரு பேட்டைக் கண்டு மயங்குதல் போதாது. நல்ல தீனும் நல்ல காலமும் வாய்த்ததனால் அஃது இட்டிருக்கலாம். தானும் நன்றாக இட்டு, உடன்பிறந்தனவும் நன்றாக இட்டு, தன் பெண்மக்களும் நன்றாக இடும் பேடே சிறந்த தாய். அத்தகைய பேடு இரண்டாம் மூன்றாம் ஆண்டினதாயிருக்கும். அதன் இறகு மங்கியிருக்கலாம். அதன் மைந்தனே வளவிற்கு வேண்டிய சேவல்.

நல்லவை முதலில் விற்கப்படுதல்

நிறத்தை முதலிற் பார்ப்பதனினும் பெருந்தீங்கு மற்றொன்றுண்டு. அஃது எவரும் தீங்கென எண்ணாமலே செய்வது. தீபாவளியோ நத்தாரோ வருடப்பிறப்போ வருகின்றது. அல்லது மருமகன் வீட்டிற்கு வருகின்றார். வளவில் ஒரே வயதுடைய இளஞ்சேவல்கள் ஆறு திரிகின்றன எனக் கொள்வோம். முதலிற் பிடிபடுவது எது? விரைவாக வளர்ந்து, நிறைகூடி, நெஞ்சு பருத்து நிற்பதே. சந்தைக்கு ஆள் வந்தாலும் அவர் தூக்கிப் பார்த்து எடுப்பது அதனையே. அடுத்த மாதம் அடுத்த பெரியது போகின்றது. ஈற்றில் எஞ்சுவது வளர்ச்சி குன்றி, எவரும் வேண்டாது விட்டது. அதுவே அடுத்த ஆண்டின் குஞ்சுகளுக்கெல்லாம் தந்தையாகின்றது.

இதுவும் ஒரு தெரிவே. ஆனால் கீழ்நோக்கிய தெரிவு. ஆண்டுதோறும் சிறந்ததை அகற்றி மெலிந்ததை நிறுத்துவோர், “ஊர்க்கோழி இனமே சிறுத்துவிட்டது” என்று குறைகூறுவதில் நியாயமில்லை. நெல் விளைந்த வயலிற் பதரை விதைநெல்லுக்கு வைத்து, மணிநெல்லை விற்கும் கமக்காரர் எவருமிலர். விதைநெல்லைத் தனியே கட்டிவைக்கும் அவ்வறிவு கோழிக்கூட்டில் மட்டும் ஏன் மறக்கப்படுகின்றது?

இதற்கு மருந்து எளிது. குஞ்சுகள் எட்டு அல்லது பத்து வாரமாகும்போது, நல்ல தாயின் சேவற்குஞ்சுகளுள் விரைவாக வளர்ந்த இரண்டைத் தெரிந்து, காலில் வளையம் இடல் வேண்டும். வளையம் இல்லாவிடின் நிறச்சீலைத் துண்டை இறுக்கமின்றிக் கட்டி, கால் பருக்கப் பருக்கத் தளர்த்தி வருதல் வேண்டும். வளையமிட்டது விதைச்சேவல், எவ்விருந்தினர் வந்தாலும் அதனைத் தொடுவதில்லை என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். இரண்டு நிறுத்தப்படுவது, ஒன்று நோயாலோ கீரியாலோ இழக்கப்பட்டால் மற்றையது உதவுதற்பொருட்டு. இவ்விரண்டுள் எது நிறுத்தப்படவேண்டும் என்னும் கேள்வி பின்னர் எழும்போது, விரும்பிய நிறத்தைப் பார்ப்பதில் யாதொரு தடையுமில்லை. நிறத்திற்கு உரிய இடம் அதுவே.

கண் ஏமாறும் இடங்கள்

பேடுகளைத் தெரிவதிலும் அழகு பிழைவழி காட்டும். ஆண்டுக்கொரு முறை கோழி பழைய இறகை உதிர்த்துப் புதிய இறகை அணிவது யாவரும் அறிந்ததே. அக்காலத்தில் முட்டை நின்றுவிடும். சோம்பற்பேடு முன்னதாகவே இறகுதிர்க்கத் தொடங்கி, நீண்ட காலம் எடுத்து, மற்றவை இன்னும் இட்டுக்கொண்டிருக்கும்போதே பளபளக்கும் புத்தாடையுடன் நிற்கும். உழைப்பாளிப் பேடோ பிந்தியே உதிர்க்கும். உதிர்த்தாலும் விரைந்து முடிக்கும். அதுவரை அதன் இறகு தேய்ந்து, நுனி முறிந்து, வால் கலைந்து காணப்படும். இவ்விரண்டுள் ஒன்றைக் கழிக்கும்படி கூறினால், பலர் தேய்ந்த இறகுள்ளதையே கழிப்பர். அன்று கழிக்கப்படுவது வளவின் சிறந்த பேடாகவே இருக்கக்கூடும்.

இறகின் நிறம் பொய் சொல்லினும், தோலின் நிறம் மெய் சொல்லும். மஞ்சள் தோலும் மஞ்சட் காலும் உள்ள பேடு முட்டையிடத் தொடங்கியதும், தீனிலுள்ள மஞ்சட்பொருள் முட்டைக் கருவுக்குச் செல்ல, உடல் ஒழுங்காக வெளுக்கும். முதலில் எச்சவாய், அடுத்துக் கண்ணைச் சூழ்ந்த வளையம், பின்னர் காதுமடல், அதன்பின் அலகு அடியிலிருந்து நுனிவரை, ஈற்றிற் கால்கள். கால்கள் முற்றும் வெளுக்க நாலைந்து மாதங்கள் தொடர்ந்து இடவேண்டியிருக்கும். இடுவது நின்றதும் அதே ஒழுங்கில் மஞ்சள் திரும்பிவரும். எனவே, ஏனைய மஞ்சட்காற் பேடுகளோடு ஒரே தீனைத் தின்று வளரும் பேடு ஒன்றின் கால்கள் மட்டும் வெளிறியிருப்பின், அது நெடுநாள் உழைத்தது என்பதற்கு அஃதே சான்று. வெள்ளைத் தோலுள்ள கோழிகளில் இவ்வடையாளம் செல்லாது.

கையாற் பார்க்கும் அடையாளங்களும் உள. இட்டுக்கொண்டிருக்கும் பேட்டின் கொண்டை சிவந்து மென்மையாயிருக்கும். எச்சவாய் அகன்று ஈரமாயிருக்கும். இடுப்பெலும்பின் இரு முனைகளுக்கிடையே இரண்டு மூன்று விரல்கள் புகும். இடாத பேட்டில் ஒரு விரல் புகுவதே அரிது. இரவிற் கூட்டினுள் வைத்தே இவற்றை அமைதியாகப் பார்த்துவிடலாம்.

விலை கேட்கும் பண்புகள்

புதுமையான தோற்றங்கள் சிலவற்றை வளர்ப்போர் விரும்புவதுண்டு. அவற்றுட் சில விலை கேட்காமல் வருவதில்லை. மிகக் குட்டையான கால்களையுடைய கோழி சிலருக்கு வேடிக்கையாய்த் தோன்றும். அக்குட்டைமையைத் தரும் பரம்பரையலகு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்த முளையம் முட்டையினுள்ளேயே இறந்துபோகும். ஆதலால் குட்டைக்காற் சேவலையும் குட்டைக்காற் பேட்டையும் சேர்த்து அடைவைத்தால், கருக்கட்டிய முட்டைகளுள் ஏறக்குறைய நாலிலொன்று வீணாகும். பேட்டின் அடையையோ இடியையோ குறைகூறிப் பயனில்லை. ஒன்று குட்டைக்காலும் மற்றையது சாதாரண காலுமாகச் சேர்ப்பின் இவ்விழப்பு நேராது.

சுருண்டு பின்வளைந்த இறகுடைய கோழியின் நிலையும் இதனைப் போன்றதே. அப்பரம்பரையலகை ஒருபுறத்திலிருந்து மட்டும் பெற்ற கோழி அழகாய்ச் சுருண்டிருக்கும். இருபுறத்திலிருந்தும் பெற்றதன் இறகோ முறிந்து உதிர்ந்து, உடல் வெறுமையாகி, மழையிலும் குளிரிலும் துன்புறும். றோசாக் கொண்டை எனப்படும் தட்டையான முட்கொண்டையை இருபுறத்திலிருந்தும் பெற்ற சேவல்களிற் கருக்கட்டும் ஆற்றல் குறைந்திருப்பதும் அறியப்பட்டதே. ஆதலால் அவ்வகைக் கொண்டையை விரும்புவோரும், வளவில் ஒற்றைக் கொண்டைக் கோழிகள் சிலவற்றை வைத்திருத்தல் நன்று.

இதற்கு மாறாக, பலர் அழகற்றதென ஒதுக்கும் கழுத்து மொட்டையான கோழியோ நமது வெப்பத்திற்கு ஏற்றது. அப்பண்பை ஒருபுறத்திலிருந்து பெற்ற கோழியின் இறகு ஏறக்குறைய ஐந்திலொரு பங்கும், இருபுறத்திலிருந்தும் பெற்றதன் இறகு மூன்றிலொரு பங்குக்கு மேலும் குறைவாயிருக்கும். உடற்சூடு எளிதில் வெளியேறுவதால், வறண்ட வலயத்தின் கடும் வெயிலில் அது மற்றவற்றினும் நன்றாகத் தின்று வளரும். அழகின்மை கருதி அதனைக் கழிப்போர், வெப்பத்தைத் தாங்கும் செல்வமொன்றையே கழிக்கின்றனர்.

நிறம் உண்மையாகவே பயன்படும் இடங்கள்

இனி நிறத்தின் பயன்களைக் கூறுதல் முறையாகும். முதலாவது பயன், நிறம் பேட்டின் பெயராக அமைவது. பெரும்பண்ணையில் ஒவ்வொரு கோழிக்கும் எண்வளையம் உண்டு. வளவில் அஃதில்லை. ஆனால் வீட்டுத் தலைவி “கரும்புள்ளி”, “செம்பேடு”, “சாம்பற்பேடு” என ஒவ்வொன்றையும் தனித்தனி அறிவார். எது எங்கே இடுகின்றது, எது எப்போது அடைக்கு இருந்தது, எது தன் குஞ்சைக் காகத்திற்குப் பறிகொடுத்தது என்பதும் அவருக்குத் தெரியும். அவ்வறிவை நாட்காட்டியில் ஒவ்வொரு பேட்டின் பெயருக்கும் எதிரே கோடிட்டுக் குறித்து வந்தால், அதுவே மேலே கூறிய பொறிக்கூட்டின் வேலையைப் பெருமளவு செய்துவிடும். வளவிலுள்ள கோழிகள் யாவும் ஒரே நிறமாய் வேண்டும் என விரும்புவோர் இவ்வசதியை இழக்கின்றனர். பல நிறம் கலந்த மந்தை ஒழுங்கற்றதன்று. அது எழுத்தின்றி எழுதப்பட்ட பதிவேடு.

இரண்டாவது பயன், குஞ்சிலேயே சேவலையும் பேட்டையும் பிரித்தறிவது. கோழிகளிற் சில நிறப்பண்புகள் இலிங்கமிணைந்தவை. அவற்றைத் தாய் தன் ஆண்மக்களுக்கு மட்டுமே கொடுக்கும். றோட் ஐலண்ட் றெட் சேவலை லைட் சசெக்ஸ் பேட்டோடு சேர்த்தால், பேட்டுக்குஞ்சுகள் செம்மை சார்ந்த நிறத்துடனும், சேவற்குஞ்சுகள் வெளிறிய மஞ்சளாகவும் பொரிக்கும். அதே சேவலை வரிகொண்ட பிளிமத் றொக் பேட்டோடு சேர்த்தால், சேவற்குஞ்சின் தலையில் வெண்பொட்டு இருக்கும். பேட்டுக்குஞ்சின் தலையில் இராது. ஆயினும் சேவலையும் பேட்டையும் மாற்றிச் சேர்த்தால் இவ்வடையாளம் கிடையாது. அக்குஞ்சுகளைத் தமக்குள் சேர்த்துப் பெறும் அடுத்த தலைமுறையிலும் இதனை நம்புதல் கூடாது. வெள்ளை லெக்கோணின் வெண்மையோ ஏனைய நிறங்களை மூடி மறைக்கும் ஆட்சியான வெண்மை. அப்போர்வையின் கீழ் என்ன நிறம் உள்ளதெனத் தோற்றத்தால் அறிய இயலாது.

மூன்றாவது பயன் மறைவு. இலங்கைக் காட்டுக்கோழியைப் பார்த்தால் இயற்கையின் கருத்து விளங்கும். சேவல் செம்மஞ்சளும் ஊதாவுமாய் ஒளிர்கின்றது. அடைகிடக்கவேண்டிய பேடோ சருகின் நிறமாய் அடங்கிக் கிடக்கின்றது. பகல் முழுவதும் வெளியே மேயும் வளவில், சருகு நிறப் பேடும் வரிகொண்ட குஞ்சும் பருந்தின் கண்ணுக்கு எளிதிற் படமாட்டா. வெள்ளைக் குஞ்சு வானத்திலிருந்தே தெரியும். அடைத்து வளர்ப்போருக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. அவிழ்த்து வளர்ப்போருக்குப் பொருட்டே.

நான்காவது பயன் சந்தை. நேர்த்திக்கடனுக்கெனச் சிவப்புச் சேவலோ, மருந்துக்கெனக் கருங்கோழியோ தேடி வருவோர் கூடிய விலை கொடுப்பதுண்டு. கொடுப்போருக்கு விற்பதே அறிவுடைமை. ஆனால் அவ்விலைக்காக வளவின் விதைச்சேவலையே கறுப்பாக மாற்றுதல் வேறு. முட்டையோட்டின் நிறத்தையும் இவ்விடத்திற் குறிப்பிடலாம். கபில நிற முட்டைக்கு விருப்பம் மிகுதி. போசணையில் வெள்ளை முட்டைக்கும் அதற்கும் ஓட்டின் நிறத்தால் வேறுபாடில்லை. ஓட்டு நிறம் தீனால் அமைவதன்று, பரம்பரையால் அமைவது. தாயினால் மட்டுமன்றித் தந்தையாலும் வருவது. கபில முட்டையை வேண்டுவோர் கபில முட்டையிற் பொரித்த சேவலையே நிறுத்துதல் வேண்டும்.

அடைப்பண்பும் உறவுக் கலப்பும்

“இத்தனை தொல்லை எதற்கு? கூடுதலாக இடும் பிறநாட்டு இனங்களையோ கலப்பினப் பேடுகளையோ வாங்கினாற் போதாதா?” என்று கேட்போர் உளர். முட்டை விற்பனையே தொழிலாகக் கொண்டு, கூட்டில் அடைத்து, முழுத்தீன் கொடுத்து வளர்ப்போருக்கு அக்கேள்வி பொருந்தும். வளவிற்கு முற்றும் பொருந்தாது. வெள்ளை லெக்கோண் பெரும்பாலும் அடைகிடவாது. வாணிகக் கலப்பினப் பேடு தானளவில் நன்றாக இடும். ஆனால் அதன் குஞ்சுகள் தாயை ஒத்து வாரா. ஊர்க்கோழி ஓர் ஈற்றில் பத்துப் பதினைந்து முட்டைகளும், ஆண்டில் மூன்று நான்கு ஈற்றுமே இடும். எனினும் மின்சாரமும் பொறியுமின்றி 21 நாட்கள் அடைகிடந்து, குஞ்சு பொரித்து, சிறகின் கீழ் வைத்துக் காத்து, கிளறித் தின்னவும் பருந்தின் நிழலைக் கண்டு ஒளியவும் கற்பிப்பது அதுவே. இவ்வுழைப்பை முட்டைக் கணக்கிற் சேர்க்காதோர், ஊர்க்கோழியின் பெறுமதியை அறியாதோராவர்.

ஆகவே பிறநாட்டுச் சேவலை ஒருமுறை கலந்து முட்டையைக் கூட்டுதல் தகும். தலைமுறைதோறும் மீண்டும் மீண்டும் கலந்து, அடைகிடக்கும் பேடே வளவில் இல்லாமற் செய்தல் தகாது. கலந்தவற்றுள்ளும் நன்றாக அடைகிடந்து குஞ்சு காக்கும் பேடுகள் இரண்டு மூன்றையேனும் விதைப்பேடுகளாக நிறுத்துதல் வேண்டும்.

மற்றொரு கேடு உறவுக் கலப்பு. விரும்பிய நிறம் கிடைத்ததும், அது கலைந்துவிடக்கூடாதென அதே சேவலை அதன் பெண்மக்களோடும் பேத்திகளோடும் விடுவோர் பலர். தந்தையும் மகளும் சேர்ந்து பெறும் குஞ்சில், ஒரு பரம்பரையலகின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்தனவாயிருக்கும் வாய்ப்பு நாலிலொன்று. மறைந்து கிடந்த குறைகள் அவ்வாறே வெளிப்படும். பொரியும் முட்டைகள் குறையும், குஞ்சுகள் நலியும், முட்டையும் குறையும். நிறம் மட்டும் நிலைத்திருக்கும்.

இதனைத் தவிர்க்க அயலவர் ஐவர் சேர்ந்தாற் போதும். ஒவ்வொருவரும் தம் வளவில் தெரிந்த இளஞ்சேவலை ஆண்டுதோறும் அடுத்த வீட்டாருக்குக் கொடுத்து, முந்திய வீட்டாரிடமிருந்து ஒன்றைப் பெறுதல் வேண்டும். ஐந்தாமவர் முதலாமவருக்குக் கொடுப்பார். பேடுகள் தத்தம் வளவிலேயே இருக்கும்; பழைய சேவல் அகற்றப்படும். செலவு எதுவுமில்லை, தந்தை மகளைச் சேரும் நிலையுமில்லை. வந்த சேவலை இரண்டு மூன்று வாரங்கள் புறம்பாக வைத்து, நோயின்றி இருப்பதைக் கண்டபின் விடுதல் வேண்டும். பழைய சேவலின் வித்துப் பேட்டின் உடலில் இரண்டு வாரங்களுக்கு மேலும் நிலைக்கக்கூடுமாதலால், அதனை அகற்றி மூன்று வாரங்கள் கழிந்தபின் இடும் முட்டைகளையே புதிய சேவலின் முட்டைகளெனக் கொண்டு அடைவைத்தல் வேண்டும். எத்துணைச் சிறந்த தெரிவும் இராணிக்கெற்று நோயைத் தடுக்காது. தடுப்பூசியை உரிய காலத்தில் ஏற்றுதல் தனிக் கடமை.

முடிவாக

தெரிவின் ஒழுங்கு இதுவே. முதலில், நோயுற்று மெலிந்ததும், கால் வளைந்ததும், அலகு கோணியதும் கழிக்கப்படுதல் வேண்டும். இரண்டாவதாக, தாயின் கணக்கும், அதன் உடன்பிறந்தனவும் மக்களும் உழைத்த கணக்கும் பார்க்கப்படுதல் வேண்டும். முட்டையோடு அடைப்பண்பும் குஞ்சு காத்தலும் அக்கணக்கிற் சேரும். மூன்றாவதாக, உறவு பார்க்கப்படுதல் வேண்டும். இம்மூன்றையும் கடந்து வந்தவை ஒன்றுக்கு மேற்பட்டனவாயின், அப்போது நிறத்தைப் பார்க்கலாம்; விரும்பியதை மகிழ்வோடு நிறுத்தலாம்.

இவ்வொழுங்கிற் செல்வோருக்கு அழகு கிடையாமற் போவதில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் நிறமும் வந்துசேரும்; சிறிது பிந்தியே வரும். நிறத்தை முதலில் தெரிந்தோருக்கு உழைப்பு அவ்வாறு தானே பின்தொடர்ந்து வருவதில்லை. அடுத்த பண்டிகைக்குக் கோழி பிடிக்குமுன், வளவிலுள்ள இளஞ்சேவல்களுள் சிறந்த இரண்டின் கால்களில் வளையம் இடப்படுமாயின், இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கம் நிறைவேறியதாகும்.